காசிமேடு லேத்துப் பட்டறையின் விசிட்டிங் கார்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய விசிட்டிங் கார்டு இருக்கிறது. மஞ்சள் அட்டை, நீல மையில் ஸ்கிரீன் பிரிண்டிங், இடது மூலையில் நங்கூரப் படம். நான்கு தொலைபேசி எண்கள். 044-இல் தொடங்கும் லேண்ட்லைன் எண்ணையும் அதற்குக் கீழே உள்ள செல்போன் எண்ணையும் பால்பாயிண்ட் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் கிடைத்த இடத்தில் புது எண்ணை நெருக்கி எழுதியிருக்கிறார்கள். பெயருக்கு மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, கிரீஸில் அழுத்தமாகப் பதிந்து காய்ந்திருக்கிறது.

இந்தக் கார்டுக்குச் சொந்தமான பட்டறை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், உரிமையாளரோடு சேர்த்து மூன்று பேர். விசைப்படகுகளின் கியர் பாக்ஸ், ஷாஃப்ட், புஷ் வேலைகள்தான் பிழைப்பு. உரிமையாளரைத் துறைமுகத்தில் எல்லோரும் மேஸ்திரி என்பார்கள்; எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. நான் ராயபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், விசிட்டிங் கார்டு எல்லாம் என் கடையில் வடிவமைத்து, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அச்சுக்குக் கொடுப்பது வழக்கம். அந்தப் பட்டறைக்கு டிஜிட்டல் கார்டு செய்யப் போய் இரண்டு முறை தவறினேன். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. தவறிய இரண்டிலும்தான் கற்றுக்கொள்ள நிறைய இருந்ததால், அவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்கு அடியில் வைத்திருந்த கார்டுப் பெட்டி ஊறிக் கூழானது. அதோடு வாடிக்கையாளர் எண்களை எழுதி வைத்திருந்த நோட்டும் போனது. கார்டைத் திரும்ப அச்சடித்துவிடலாம். நோட்டை எப்படித் திரும்ப எழுதுவது? அதுவரை பெயரும் எண்ணும் அந்த நோட்டில்தான் இருந்தன. போனில் இருந்தது அன்றாடம் பேசுகிற சிலரின் எண்கள் மட்டுமே.

பி.காம் படிக்கும் அவர் மகள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "கார்டுல கியூஆர் போடுங்கண்ணா. ஸ்கேன் பண்ணா அப்பா நம்பர் நேரா போன்ல சேவ் ஆகணும்" என்றார். கோரிக்கை நியாயமானது. நானும் உடனே ஒப்புக்கொண்டேன். யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காக அந்த எண் தேவைப்படுகிறது என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் கார்டு

முதலில் எடுத்தது இணையத்தில் கிடைத்த ஒரு டிஜிட்டல் கார்டு சேவையை. அழகான பக்கம், படகுப் படம், 'தொடர்பில் சேமி' என்று ஒரு பொத்தான். அவர்களே கியூஆர் கட்டத்தையும் உருவாக்கித் தந்தார்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் 500 கார்டு அடித்தோம். 2024 ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது மேஸ்திரி அதைத் துறைமுகத்தில் கொடுக்க ஆரம்பித்தார்.

தடைக்காலம் என்பது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் இன்ஜின் இறக்குவது, கியர் பாக்ஸ் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். லேத்துப் பட்டறைக்கு அதுதான் அறுவடைக் காலம். ஜூன் மாதம், தடை முடியச் சில நாட்கள் இருக்கும்போது மகள் போன் செய்தார். கட்டத்தை ஸ்கேன் செய்தால் 'இந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது' என்று ஒரு பக்கம் வருகிறது. இலவசக் காலம் முடிந்திருந்தது. தொடர வேண்டுமானால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்.

இதற்குக் காரணம் கட்டத்தின் உள்ளே இருப்பது என்ன என்பதுதான். கியூஆரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் விவரமே கறுப்பு வெள்ளைச் சதுரங்களாக எழுதப்பட்டிருக்கும். அட்டை கிழியும்வரை அது வேலை செய்யும், யாருக்கும் வாடகை தர வேண்டாம். டைனமிக் என்று விற்கிற இன்னொரு வகையில் இருப்பது அந்த நிறுவனத்தின் சிறு இணைய முகவரி மட்டுமே. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் விவரத்துக்கு அனுப்பப்படுகிறார். எண் மாறினால் அச்சை மாற்றாமல் திருத்திக்கொள்ளலாம் என்பது அதன் உண்மையான பயன். ஆனால் நடுவில் நிற்பவர் கதவைச் சாத்தினால் கையில் இருக்கும் 500 அட்டையும் ஒரே நாளில் செத்துப்போகும். ஆயிரக்கணக்கில் அடிக்கிற பெரிய கம்பெனிக்கு அந்தச் சந்தா சுமையல்ல. மூன்று பேர் வேலை செய்கிற பட்டறைக்கு, வருடா வருடம் ஞாபகமாகக் கட்ட வேண்டிய இன்னொரு பில் அது. இதை அச்சடிக்கும் முன்பே நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அந்த 500 கார்டின் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாவது கார்டு

அடுத்து, விவரம் முழுவதையும் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். இதற்கு விகார்டு என்ற வடிவம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் உருவானது. இன்று எல்லா போனும் புரிந்துகொள்வது. பெயர், நிறுவனம், எண், முகவரி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி.

தமிழில் இதைச் செய்யும்போது வரும் சிக்கல்களை எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. முதல் புரூஃபை, அதாவது சோதனை அச்சை, என் போனில் ஸ்கேன் செய்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்தது. கடைப் பையன் பழைய கார்டின் ஃபைலிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டியிருந்தான். அது பாமினி எழுத்துருவில் இருந்தது. எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ்; உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். அதிலும் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. விகார்டில் அரைப்புள்ளி என்பது பெயரின் பகுதிகளைப் பிரிக்கும் குறி. ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் இரண்டாக வெட்டுப்பட்டது. டிடிபி தொழிலில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: பழைய ஃபைலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

அதைத் திருத்தியதும் அடுத்தது. விகார்டு குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறது. நம்மிடம் இருப்பது முன்னெழுத்து. மேஸ்திரியின் முன்னெழுத்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார, சில போன்களில் பெயருக்குப் பின்னாலும் சிலவற்றில் முன்னாலும் வந்தது.

மூன்றாவது சிக்கல் அளவு. கணினிச் சேமிப்பில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். 'வண்ணாரப்பேட்டை' என்று எழுதினால் 14 குறியீடு, அதாவது 42 பைட். அதே ஊரை ஆங்கிலத்தில் 12 பைட்டில் எழுதிவிடலாம். தமிழில் பெயர், பட்டறை, தெரு, ஊர், இரண்டு எண் என்று எழுதி முடித்தபோது கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 73 சிறு சதுரம் என்று பெருகிவிட்டது. மூன்றரை அங்குல அட்டையில் அதற்குக் கிடைத்த இடம் 2 சென்டிமீட்டர். ஒரு சதுரம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்.

புது போன் அதை வாசித்துவிடும். என் கடையின் டியூப் லைட்டில் வாசித்தது. துறைமுகத்தில் நிலைமை வேறு. நான் பளபளப்பான கிளாஸ் லேமினேஷன் போட்டிருந்தேன். உச்சி வெயிலில் அட்டை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. கிரீஸ் விரல் பட்டதும் பொடிச் சதுரங்கள் ஒன்றோடொன்று கலந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கியூஆர் பிறந்ததே இந்த மாதிரி இடத்துக்காகத்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவரோடு சேர்ந்தவர்களும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க அதை உருவாக்கினார்கள். பாகங்கள் வரும் பெட்டிகளில் அழுக்கும் எண்ணெயும் படும் என்று தெரிந்தே, ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து மீட்டெடுக்கும் கணக்கை உள்ளே வைத்தார்கள். நான்கு நிலைகள்: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். தாங்கும் அளவைக் கூட்டக் கூட்டச் சதுரங்களும் கூடும். நான் உள்ளே அவ்வளவு விவரத்தைத் திணித்ததால், தாங்கும் அளவைக் கூட்ட இடமே இல்லாமல் போனது. உதிரிபாகப் பட்டறைக்காகவே கண்டுபிடித்த ஒன்றை ஒரு உதிரிபாகப் பட்டறையில் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டேனே என்று நிஜமாகவே வருந்தினேன்.

இன்னொரு தடையை நான் யோசித்தே பார்க்கவில்லை. நம் ஊரில் கியூஆர் என்றால் காசு கட்டுவது. 'ஸ்கேனர் இருக்கா?' என்று கேட்டால் மீன் கூடைக்காரம்மாவும் அட்டையை எடுத்து நீட்டுவார். யுபிஐ வந்த 2016-க்குப் பிறகு நடந்த மாற்றம் இது. ஒரு படகு டிரைவர் ஜிபேயைத் திறந்து கார்டை ஸ்கேன் செய்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, உன் ஸ்கேனரு வொர்க் ஆவல. அட்வான்ஸ் அப்புறமா தரேன்" என்று போனார். காசு கேட்கத்தான் கார்டை நீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மேஸ்திரிக்கு அது மனசைக் குத்தியது. கார்டு கொடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

எந்தப் பெயரில் தேடுவார்கள்

திருப்பம் வந்தது ஒரு வேலை கைநழுவியதில். கார்டை ஸ்கேன் செய்து எண்ணை ஒழுங்காகச் சேமித்துக்கொண்ட டிரைவர் ஒருவர். சில மாதம் கழித்துக் கரை திரும்பும்போது அவர் படகின் கியர் மாட்டிக்கொண்டது. கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் போனில் தேடியிருக்கிறார். 'மேஸ்திரி' என்று தேடினால் பெயிண்டிங் மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரி என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். எங்கள் கார்டு அவர் போனில் பதிந்திருந்தது மேஸ்திரியின் முழுப்பெயரை. துறைமுகத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வேலை வேறு பட்டறைக்குப் போனது. நம்பர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்ட அன்று மேஸ்திரியின் போனை வாங்கிப் பார்த்தேன். அவர் எண்களைப் பதிந்திருந்த விதம் இது: 'வெல்டிங் திருவொற்றியூர்', 'பேரிங் மண்ணடி', 'ஐஸ் வண்டி', 'டீசல் பில்லு பையன்'. ஒரு இடத்தில் என் எண் வந்தது: 'கார்டு தம்பி ராயபுரம்'. முப்பது வருடப் பழக்கம் எங்களுக்கு. என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைத் தேடும்போது அவர் மனதில் முதலில் எழுவது என் வேலையும் என் ஊரும். "கடல்ல நிக்கிறவனுக்கு என் பேரு எதுக்கு தம்பி? கியரு போச்சுன்னா கியருன்னுதான தேடுவான்" என்றார்.

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். கார்டு கொடுக்கிற நேரமும் கார்டு தேவைப்படுகிற நேரமும் ஒன்றல்ல. இடையில் மாதங்கள் ஓடும். அச்சுக் காலத்தில் அந்த இடைவெளியை நங்கூரப் படமும் மஞ்சள் நிறமும் நிரப்பின. 'அந்த மஞ்சக் கார்டு எங்கடா?' என்று தேடிக் கண்டெடுத்தார்கள். போனுக்குள் போனதும் நிறமும் படமும் போய்விட்டன. மிஞ்சியது ஒரு வரிப் பெயர். அந்த ஒரு வரி தேடுகிறவரின் சொல்லாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கார்டு

2025 தடைக்காலத்துக்கு முன்பு மூன்றாவதைச் செய்தோம். இம்முறை பட்டறைக்கென்று தனிப் போன். மகளின் பழைய போன்தான். அதில் அப்பாவின் சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் ஏற்றினோம். கார்டின் முன்பக்கத்தில் ஒரே ஒரு எண், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில். கட்டம் பின்பக்கத்தில். அதில் இருப்பது வாட்ஸ்அப் உரையாடலை நேராகத் திறக்கும் இணைப்பு மட்டும். இந்தியக் குறியீட்டையும் எண்ணையும் சேர்த்து 26 எழுத்துதான். 73 சதுரம் 29 ஆகச் சுருங்கியது, அதுவும் 25 சதவீதம் சேதம் தாங்கும் நிலையில். அதே 2 சென்டிமீட்டரில் ஒவ்வொரு சதுரமும் இரண்டரை மடங்கு பெரிதானது. பளபளக்காத மேட் லேமினேஷன் போட்டோம். துணியால் துடைத்தால் கிரீஸ் போகிறது. கட்டத்தைச் சுற்றி நான்கு சதுர அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விட்டோம். அதை நெருக்கி நங்கூரத்தை வைக்க எனக்குக் கை அரித்தது, வைக்கவில்லை.

கட்டத்துக்கு மேலே தடித்த எழுத்தில்: 'காசு கட்ட அல்ல. உடைந்த பாகத்தின் போட்டோ அனுப்ப.'

இந்த ஒரு வரி நான் எதிர்பார்த்ததைவிட நிறையச் செய்தது. டிரைவர்கள் கரையில் இறங்கும் முன்பே போட்டோ அனுப்புகிறார்கள். போட்டோவைப் பார்த்ததும் புஷ் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். எந்த அளவு கம்பி எடுத்து வைக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார். அதோடு, பழைய கார்டு ஒருவழிப் பாதை. கொடுத்தவரின் எண் போகும், வாங்கியவரின் எண் வராது. இப்போது முதல் செய்தியிலேயே இரண்டு பக்கமும் எண் வந்துவிடுகிறது. வெள்ளத்தில் போன நோட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உருவாகிறது.

போட்டோ வந்ததும் மகள் பதிலோடு தொடர்பு அட்டையையும் அனுப்புவார். அதில்தான் கடைசியாக ஒரு சறுக்கல். வாட்ஸ்அப்பில் ஒரு தொடர்பைப் பகிர்ந்தால், அனுப்புகிறவர் போனில் என்ன பெயரில் இருக்கிறதோ அதே பெயரில்தான் போய்ச் சேரும். அந்தப் போனில் மேஸ்திரியின் எண் எப்போதோ 'அப்பா' என்று பதிவாகியிருந்தது. முதல் வாரம் அனுப்பிய அட்டை எல்லாம் 'அப்பா' என்றே போயிருக்கிறது. ஒரு டிரைவர் தன் அப்பாவை அழைப்பதாக நினைத்து மேஸ்திரியை விடியற்காலையில் எழுப்பிவிட்டார். பெயரை மாற்றினோம்: 'போட் கியர் லேத் காசிமேடு'. ஆங்கில எழுத்தில் ஒருமுறை, தொடர்ந்து தமிழில் ஒருமுறை. சிலர் ஆங்கில விசையில் தட்டுகிறார்கள், சிலர் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசுகிறார்கள். இரண்டு வழியிலும் அகப்பட வேண்டும். இந்த நீளப் பெயர் அச்சுக் கட்டத்தில் இல்லாததால் பைட் கவலையும் இல்லை.

தொட்டாலே விவரம் போகும் என்எஃப்சி கார்டையும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கினோம். 13.56 மெகாஹெர்ட்ஸில் சில சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்வது. ஆனால் இரும்பின் மேல் ஒட்டினால் உலோகம் அந்தக் காந்தப் புலத்தைக் குலைத்துவிடும். லேத் உடம்பில் ஒட்டியபோது எந்தப் போனும் அதைக் கண்டுகொள்ளவில்லை. உலோகத்துக்கென்று ஃபெரைட் அடுக்கு வைத்த வகை கிடைக்கிறது. ஆனால் துறைமுகத்தில் நாங்கள் பார்த்த போன்களில் பலவற்றில் என்எஃப்சியே இல்லை. சூட்டு கோட்டு போட்ட கூட்டங்களில் அதற்கு மரியாதை இருக்கலாம். இங்கே விட்டுவிட்டோம்.

சேர்ந்த எண்களைப் பற்றி ஒன்று. உதிரிபாகம் விற்கிற ஒருவர், பட்டறைக்கு வந்த எண்களின் பட்டியலைக் கேட்டார். பதிலுக்கு ஆயில் சீல் விலையில் குறைத்துத் தருவதாகச் சொன்னார். மேஸ்திரி முடியாது என்றார். வேலைக்காகக் கொடுத்த எண்ணை வேறொருவருக்கு விற்கக் கூடாது என்பதற்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். அவர் சொன்ன காரணம் வேறு: "நாளைக்கு அவன் மூஞ்சில முழிக்கணும் தம்பி." எண்கள் இப்போது போனில் மட்டும் இல்லை, மாதம் ஒருமுறை மகள் விகார்டு ஃபைலாக எடுத்துத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கிறார். அடுத்த மழைக்குப் போனே நனைந்தாலும் பட்டியல் இருக்கும்.

இப்போதைய நிலை: 2025 தடைக்காலத்துக்கு அடித்த 300 கார்டு தீர்ந்துவிட்டது. அடுத்த அச்சுக்கு இரண்டு திருத்தம் சொல்லியிருக்கிறார்கள். ஆந்திராவிலிருந்து வரும் படகுக்காரர்களுக்காகப் பின்பக்க வரியைத் தெலுங்கிலும் சேர்க்க வேண்டும். அட்டையைத் திரும்பவும் மஞ்சளாக்க வேண்டும். போனை எடுக்காமலே சட்டைப்பையில் துழாவித் தேடுகிற பெரியவர்கள் துறைமுகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார். மஞ்சள் போர்டு ஆண்டர்சன் தெருவில் எந்தக் கடையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வெளிர் மஞ்சளாக இருந்தால்தான் அதன் மேல் கட்டத்தின் கறுப்பு எடுப்பாகத் தெரியும்.